கம்பளிக் கடத்தல்

கேட்லாக்கில் அச்சடித்த எண்ணை நம்புகிறவர்களை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படிப்பவர்கள், படிக்காதவர்கள். படிக்காதவர்களில் ஒருவரை நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

குற்றம் முழுக்க அவருடையது என்று சொல்ல மாட்டேன். அவர் பிழைப்பு அப்படி. சூளைகளுக்கும் உலைகளுக்கும் உள்பக்கம் போர்த்துகிற பீங்கான் இழைக் கம்பளியை விற்பவர். பேர்தான் கம்பளி, ஆட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தீயில் வேகாத மண்ணை உருக்கி, பஞ்சாக ஊதி, மெத்தையாக்கிச் சுருட்டி வைத்திருப்பார்கள். நானோ உலை கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எந்த உலைக்குள் எந்தப் பொருளை வைத்தால் சூடு உள்ளேயே இருக்கும் என்று தேர்ந்தெடுத்துச் சொல்வது என் வேலை. அவர் விற்க வந்தார், நான் வேண்டாம் என்றேன், அப்படித்தான் பழக்கம். இன்றும் வீட்டில் அதேதான் நடக்கிறது.

என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, பீங்கான் கோப்பை, கிண்ணம் செய்து சுடுகிறவள். வரிசையாக இருக்கும் கடையறைகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளேயே ஒரு மின்சூளை கட்டிக்கொண்டாள். கட்டும்போது அண்ணனும் தங்கையும் எல்லாவற்றையும் அளந்தார்கள், கதவைத் தவிர. சூளை கதவைவிடப் பெரிதாகிவிட்டது. இனி அது அந்த அறையை விட்டு வெளியே வரவேண்டுமென்றால் உடைத்துத்தான் அள்ளிக்கொண்டு வரவேண்டும்.

அந்தச் சூளை கட்டுகிறபோது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உலைக்குப் பொருள் தேர்ந்தெடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருத்தி வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, நாத்தனார் எல்லாவற்றுக்கும் அண்ணனைத்தான் கேட்பாள். என்னிடம் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி." உட்கார்ந்தால் அதோடு சரி. எனக்கு உள்ளே எரியும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது.

தகராறு பக்கத்து அறையிலிருந்து வந்தது. அங்கே ஒரு மெழுகுவத்திக்காரர் இருந்தார். வார்த்து, ஆறவைத்து, சுவரை ஒட்டிய அலமாரியில் வரிசையாக நிற்க வைப்பார். நாத்தனார் சூளை போட்ட ஒரு நாள் சாயங்காலம் அத்தனை மெழுகுவத்திகளும் சுவரைப் பார்த்துத் தலை குனிந்து நின்றன, எதையோ உடைத்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி. மெழுகுவத்திக்காரர் கட்டட உரிமையாளரைக் கூட்டி வந்துவிட்டார்.

உரிமையாளர் ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. கதவைத் தட்டுவார், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். "நல்லா இருக்கீங்களா?" என்று அவர் கேட்டால்கூட நமக்குப் பெட்டியைத் திறந்து காட்டவேண்டும் போல இருக்கும். சுவரைத் தொட்டுப் பார்த்தார். குனிந்த மெழுகுவத்தி ஒன்றை எடுத்து நிமிர்த்தப் பார்த்தார். அது கையோடு உடைந்தது.

"அடுத்த தடவ சூளை போடறப்ப நான் வருவேன். இவரு பக்கம் நின்னு சுவத்துல கை வைப்பேன். கை சுட்டுச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடணும்."

காலி செய்வதென்றால் சூளையை உடைப்பது. நாத்தனார் அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் பக்கத்தில் நான் இருந்தேன். "நானும் வரேன்" என்று கிளம்பினேன். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சூளையின் உள்சுவரை முழுக்கப் பிரித்துவிட்டுப் புதிதாக அடுக்குவது என்று முடிவாயிற்று. எதை வைத்து அடுக்குவது என்பதில்தான் சண்டை. அவர் முழுக்கக் கம்பளி என்றார், நான் உலைக்கென்றே வரும் வெள்ளைச் செங்கல்லும் வேண்டும் என்றேன். சுவரைக் கனமாக்கவும் வழியில்லை. வெளியே தகட்டுப் பெட்டி, அதற்குள் எவ்வளவு இடமோ அவ்வளவுதான்.

"இந்தா பாரு," என்று கேட்லாக்கை விரித்தார் என் வீட்டுக்காரர். "கம்பளி, பாயின்ட் ஜீரோ ஆறு. உன் வெள்ளைச் செங்கல்லு அதுல ரெண்டு மடங்கு. எது கம்மியா சூட்டை விடும்? சின்னக் குழந்தைகூட சொல்லும்."

"எந்தச் சூட்டுல பாயின்ட் ஜீரோ ஆறு?"

"எந்தச் சூட்டுலன்னா? கம்பளி கம்பளிதானே!"

பொடி எழுத்தை நகத்தால் தொட்டுக் காட்டினேன். இருநூறு டிகிரியில் என்று போட்டிருந்தது. "உங்க தங்கச்சி இருநூறு டிகிரியில கோப்பை சுடல. ஆயிரத்து இருநூறுல சுடறா."

கம்பளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சூடு குறைவாக இருக்கும்வரை அதைப் போல ஒரு சாது கிடையாது. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒன்றையும் தாண்ட விடாது. சூடு ஏறினால் குணம் மாறிவிடும். வெப்பம் வெளிச்சம் மாதிரி இழைக்கு இழை இடைவெளியில் தாவிப் போக ஆரம்பிக்கும். உச்சத்துக்குப் போகும்போது, கேட்லாக்கில் போட்ட எண்ணைப் போல ஐந்து மடங்குகூடப் போகும். ஓட்டை ஓட்டையான வெள்ளைச் செங்கல்லுக்கு ஆரம்பத்தில் பெரிய பேர் இல்லை. ஆனால் சூடு ஏறினாலும் அது மெதுவாகத்தான் அசையும். நடுவில் ஒரு சூட்டில் இரண்டும் சமமாகி, அதற்கு மேலே செங்கல் ஜெயித்துவிடும்.

அவர் யோசித்தார். அவர் முட்டாள் இல்லை, விற்பனையாளர். "சரி, ரெண்டையும் வைப்போம்" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். செங்கல் முன்னால, தீயைப் பாத்து. கம்பளி பின்னால, சூடு குறைஞ்ச இடத்துல."

"ஏன், கம்பளி முன்னால இருக்கட்டுமே. சூளை சீக்கிரம் சூடேறும். பாக்கவும் வெள்ளையா நல்லா இருக்கும். அஞ்சும் மூணும் எட்டு, மூணும் அஞ்சும் எட்டு. மாத்தி வெச்சா மொத்தம் குறைஞ்சுடுமா?"

கணக்குத் தெரியாதவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். கணக்கு பாதி தெரிந்தவர்கள்தான் செய்வார்கள். அஞ்சு எப்போதும் அஞ்சாகவே இருந்தால் அவர் சொன்னது சரி. இங்கே கம்பளியின் அஞ்சு, அதாவது சூட்டைத் தடுக்கும் பலம், முன்வரிசையில் உட்கார்ந்தால் ஒன்றரை ஆகிவிடுகிறதே! இதை நான் நிதானமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் குரல் ஏறிவிட்டது.

"கம்பளி சூடு ஏற ஏற கடத்தும்! உச்சத்துக்குப் போனா அள்ளி அள்ளிக் கடத்தும்!"

"கம்பளி கடத்தறதப் பத்தி எனக்கே சொல்றியா? எத்தனை வருஷமா இந்த லைன்ல இருக்கேன்!"

"இருந்து என்ன பிரயோஜனம்? பக்கத்து ரூமுக்கே கடத்திடும், தெரியுமா? செங்கல்லுன்னா அளவாக் கடத்தும். மாட்டிக்க மாட்டோம்!"

"அண்ணி, மெதுவா," என்றாள் நாத்தனார்.

"நான் மெதுவாத்தான் பேசறேன். துப்பாக்கி எங்க வெச்சீங்க? அதைக் கொண்டு வாங்க, நான் நிரூபிச்சுக் காட்டறேன்."

துப்பாக்கி என்பது தூரத்திலிருந்து சூடு பார்க்கும் கருவி. விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எண் தெரியும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வெப்பம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போவதற்குக் கடத்தல் என்று பேர் வைத்த புண்ணியவானும் சரி, நாங்களும் சரி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெழுகுவத்திக்காரர் காதை வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டு, அதே கையோடு திறந்தது. முன்னால் உரிமையாளர், இஸ்திரி போட்ட சட்டையில், இதுவரை அவர் முகத்தில் பார்க்காத பிரகாசத்துடன். பின்னால் மெழுகுவத்திக்காரர், ஓடுவதற்கு வசதியாக வாசலோடு.

"யாரும் எதையும் தொடக்கூடாது. முதல்ல துப்பாக்கிய எடுங்க."

என் வீட்டுக்காரர் பாவம், பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். உரிமையாளர் நெற்றியில் சிவப்புப் புள்ளி விழுந்தது. மெழுகுவத்திக்காரர் தெருவுக்கே போய்விட்டார்.

"சாரி சார், முப்பத்தி நாலு. உங்களுக்குக் காய்ச்சல் இல்ல" என்றார் இவர்.

உரிமையாளர் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த கம்பளிச் சுருள்களிடம் போனார். "இதுக்குள்ள என்ன?"

"கம்பளிதான் சார். வெறுங்கையால தொடாதீங்க. அரிக்கும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க." சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு சுருளுக்குள் கையை நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். எத்தனையோ பெட்டிகளுக்குள் போன கை. அதன் அனுபவம் முகத்தில் தெரிந்தது. ஒரு சுருள் முடிந்து அடுத்தது, அதுவும் முடிந்து மூன்றாவது. மூன்றாவதில் கையை வைத்திருக்கும்போதே மற்ற கை தோளைச் சொறிய ஆரம்பித்துவிட்டது. சொறிந்துகொண்டே செங்கல்லிடம் வந்தார். ஒன்றைத் தூக்கினார். அது பஞ்சு மாதிரி இலேசாக இருந்ததில் தடுமாறினார்.

"செங்கல்லு ஏன் இவ்ளோ லேசா இருக்கு? குடைஞ்சு உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"காத்து சார்" என்றேன்.

"காத்தை எதுக்கும்மா கடத்தறீங்க?"

அதற்குமேல் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாத்தனாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் அவளும் சேர்ந்து சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. விஷயத்தை விளக்கிச் சொன்னபோது உரிமையாளர் முகத்திலிருந்த பிரகாசம் மெல்ல வடிந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"வெப்பக் கடத்தலா? ஸ்கூல்ல படிச்சது." தோளைச் சொறிந்தார். "நான் சொன்னது சொன்னதுதான். சூளை போடற அன்னிக்கு வருவேன். இன்னும் கண்டிப்பாவே வருவேன்."

அரிப்பெடுத்தவர்களிடம் தயவை எதிர்பார்க்க முடியாது.

வேலையை ஆரம்பித்தோம். பக்கச் சுவர் இரண்டும், கதவும், கூரையும் நான் சொன்னபடி அடுக்கினேன். தீயைப் பார்த்துச் செங்கல், அதற்குப் பின்னால் கம்பளி. மெழுகுவத்திக்காரரின் சுவரைப் பார்த்த பின்பக்கம் மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

"நீ போ. பின் சுவர் நான் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

"செங்கல் முன்னால."

"தெரியும், போ."

தெரியும் என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் நான் போவதற்குள் கோப்பைகளை அடுக்கி, கதவைச் சாத்தி, ஸ்விட்சும் போட்டாயிற்று. நாத்தனார் சூளையின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சூடு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நகத்தைக் கடித்துக் கடித்து, கடிக்க நகமில்லாமல் இருந்தது. இன்று கை சுட்டால் அவள் இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் சம்மட்டி அடியில் தூளாகப் போகும். "ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவரும் "ஒண்ணும் ஆகாது" என்றார். அப்புறம்தான் தலையாட்டினாள்.

நான் துப்பாக்கியை எடுத்துச் சூளையைச் சுற்றி வந்தேன். இடது தகடு, சொன்னபடி. வலது தகடு, சொன்னபடி. பின்னால், சூளைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழையுமளவு சந்து. கையை நீட்டிப் பின்தகட்டில் புள்ளியை வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத் தகடுகளை எட்டிப் பிடித்து, தாண்டி, இன்னும் போயிற்று. மதியம்கூட ஆகவில்லை, உச்சச் சூட்டுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. சுவர் இன்னும் சூடாகவில்லை. இந்தப் போக்கில் போனால் சாயங்காலம் மெழுகுவத்திகள் மறுபடி தலை குனியும்.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் கூரையில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின் சுவத்துல எது முன்னால?" ரகசியக் குரலில்தான் கேட்டேன்.

"அது... மொத்தம் ஒண்ணுதானேன்னு..."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தைச் சூளைக்குள் விட்டிருந்தால் மின்சாரம் மிச்சமாகியிருக்கும். வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டுத் திறந்தது. உரிமையாளர். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் மதியத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

"சொன்ன நேரத்துக்குப் போனா எவனும் மாட்ட மாட்டான்" என்று தன் தொழில் ரகசியத்தை எங்களுக்கு விளக்கிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உச்சச் சூடு வர்ற வரைக்கும் இங்கயேதான் இருக்கப் போறேன்."

யோசிக்க நேரமில்லை. மூலையில் மிச்சக் கம்பளிச் சுருள் இரண்டு இருந்தன. சூளையின் உள்ளேதான் கம்பளி காலை வாரும். வெளித்தகட்டுக்கு வெளியே சூடு குறைவு. அங்கே அது பழையபடி சாது. தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே திரையாகத் தொங்கவிட்டால் சுவருக்கு ஒன்றும் போகாது. தினமும் அப்படிச் செய்தால் தகடு வெந்துவிடும், ஒரு நாளைக்குத் தாங்கும். இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. "சுருள எடுத்துக்கிட்டு சந்துக்குள்ள போங்க, மேல இருந்து தொங்க விடுங்க" என்று மட்டும் காதோடு சொன்னேன். ஒன்று மட்டும் பாக்கி: உரிமையாளரை அந்த அறையிலிருந்து கிளப்ப வேண்டும்.

அவர் முன்னால் போய் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். கடத்தல் விஷயமா."

அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "சொல்லும்மா."

"இங்க வேண்டாம் சார். பக்கத்து ரூமுக்குப் போயிடலாம். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

நாத்தனார் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண்ணடித்தேன். அதற்கு முன்னால் நான் அவளிடம் கண்ணடித்ததே இல்லை. அவள் இன்னும் பயந்துபோனாள்.

மெழுகுவத்திக்காரர் இரண்டு நாற்காலி போட்டார். நான் என் நாற்காலியைப் பொதுச்சுவரை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன். உரிமையாளர் பேனாவை எடுத்தார். நான் என் பையை மடியில் வைத்தேன். கிண் என்று சத்தம் கேட்டது. கம்பளியைத் தொங்கவிடும் கொக்கிகள் அத்தனையும் அந்தப் பைக்குள் இருந்தன. மறந்துபோய்த்தான் எடுத்து வந்தேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

கொக்கி இல்லாமல் கம்பளி தொங்காது. யாராவது இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"கடத்தல் மூணு விதமா நடக்குது சார்" என்று ஆரம்பித்தேன்.

"மூணா!" எழுதிக்கொண்டார்.

"கைக்குக் கை மாத்தி விடறது ஒண்ணு. காத்துல ஏத்தி அனுப்பறது ரெண்டாவது. மூணாவதுதான் மோசம். யார் கையும் படாம நேரா தாவிப் போயிடும், வெளிச்சம் மாதிரி."

"தலைவன் யாரு?"

"சூடுதான் சார்."

பேனா நின்றது. அவர் என்னை நீளமாகப் பார்த்தார். ஏமாந்துபோனதில் கோபம் வந்திருக்க வேண்டியவர். ஆனால் மனுஷனுக்கு ஓய்வுபெற்ற நாளிலிருந்து யாரும் இவ்வளவு நேரம் கடத்தலைப் பற்றிப் பேசியதில்லை போலிருக்கிறது. "ம், மேல சொல்லு" என்றார்.

சொன்னேன். தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொன்னேன். கம்பளி எப்படிப்பட்ட ஆள், செங்கல் எப்படிப்பட்ட ஆள், சூடு ஏறினால் யார் எப்படி மாறுவார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "இப்ப உங்ககிட்ட ரெண்டு காவலாளி இருக்காங்க சார். ஒருத்தன், கூட்டம் இல்லாதப்ப ஈ எறும்பைக்கூட விடமாட்டான். கூட்டம் சேர்ந்தா கையை விரிச்சுடுவான். இன்னொருத்தன் எப்பவும் சுமார்தான், ஆனா கூட்டத்துக்கு அசரமாட்டான். யார முன் வாசல்ல நிறுத்துவீங்க?"

"இதென்ன கேள்வி? அசராதவன முன்னால. அவன் கூட்டத்தக் குறைச்சு அனுப்புவான். அப்புறம் பின் வாசல்ல மத்தவன் பாத்துக்குவான்."

"மாத்தி நிறுத்தினா என்ன சார்? மொத்தம் ரெண்டு பேர்தானே?"

"மொத்தமா!" அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்படி ஒருத்தன் என் ஆபீஸ்ல நிறுத்தியிருந்தான்னா அன்னிக்கே அவன வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மூளை இருக்கறவன் செய்யற வேலையா அது?"

சுவருக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

மெழுகுவத்திக்காரர் துள்ளி எழுந்தார். உரிமையாளர் சுவரைப் பார்த்தார். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். இன்னொரு தும்மல், இந்தத் தடவை நான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே.

"எலியா இருக்கும்" என்றேன்.

"தும்முற எலியா?" என்றார் மெழுகுவத்திக்காரர்.

"பீங்கான் தூசி. எல்லாருக்கும்தான் தும்மல் வரும்."

உரிமையாளர் டீ வரவழைத்தார். நான் கதிர்வீச்சைப் பற்றி விரிவாகப் பேச ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அவர் தன் பழைய கேஸ்களைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நான், யார் முன்னால் நின்றிருக்க வேண்டும், யார் பின்னால் என்று கேட்டேன். சிரிப்பும் பேச்சுமாக நேரம் போயிற்று. எங்கள் வீட்டில் இந்தப் பாடத்தை இவ்வளவு முழுசாக நடத்த எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. கேட்கிற ஆள் எழுந்து போய்விடுவார். அன்று, சுவருக்கு அந்தப் பக்கம், அவரால் எங்கும் போக முடியவில்லை.

சாயங்காலம் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். "உச்சத்துக்கு வந்துடுச்சு" என்றாள்.

உரிமையாளர் எழுந்தார். நான் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டேன். கம்பளி சரியாகப் போர்த்தியிருக்கிறதா, நடுவில் இடைவெளி விட்டிருக்கிறதா, யாருக்குத் தெரியும்? அவர் வலது கையைச் சுவரில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். இரண்டு கையையும் வைத்தார். பிறகு குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். மெழுகுவத்திக்காரர் ஒரு நெட்டை மெழுகுவத்தியைச் சுவரோடு சாத்தி நிற்க வைத்தார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு நேராக நின்றது.

"சில்லுனு இருக்கு" என்றார் உரிமையாளர். "ரூம் உன்னுதும்மா."

நாத்தனார் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரும் சூளை அறைக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் சந்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, எதுவும் நடக்காதது மாதிரி நின்றார். தலை, புருவம், காது எல்லாம் வெள்ளைத் தூள். தூக்கிய கைகள் இறங்க மறுத்து அரைகுறையாக நின்றன. கழுத்தைச் சொறிவதா, முழங்கையைச் சொறிவதா என்று அவர் திணறினார். உரிமையாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பாதி தீர்ந்துபோன ஒரு களிம்பு ட்யூபை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மூணு வேளை தடவுங்க. சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க, அதிகமாகும்."

அவ்வளவுதான் சொன்னார். போகும்போது, மறுபடி சூளை போட்டால் சொல்லியனுப்பும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்.

சூளை ஆறி, நாத்தனார் கதவைத் திறந்த அன்று நாங்கள் இருவரும் கூட இருந்தோம். முன்வரிசைக் கோப்பைகள் எல்லாம் பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல இருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டே போனாள். பின்வரிசைக்கு வந்ததும் கை நின்றது. அந்த வரிசை முழுக்க மங்கல். பூச்சு சரியாக உருகாமல், சாம்பல் பூத்தது போல இருந்தது. அந்தச் சுவர் வழியாக வெளியே போன சூடு, கோப்பைகளுக்குக் கிடைக்க வேண்டிய சூடு. கோப்பைகளைத் தாங்கிய தட்டுகளை விலக்கியதும் பின்னால் வெள்ளைக் கம்பளி தெரிந்தது.

அவள் கம்பளியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் களிம்பு தடவிய கழுத்தைத் தடவிக்கொண்டார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மங்கல் வரிசையின் நடுவிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அண்ணி, இது உங்களுக்குப் பண்ணது. அண்ணன் கட்டின சுவரு, அங்கதான் நல்லா வேகும்னு பாத்துப் பாத்து அங்க வெச்சேன்."

கோப்பையை வாங்கினேன். பிடி என் விரலுக்குச் சரியாக இருந்தது. என் கையை எப்போது அளந்தாள் என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"சுவத்த நீங்க வந்து பிரிச்சு அடுக்கித் தர்றீங்களா?" என்றாள். "அது முடிஞ்சதும் இத இன்னொரு தடவ சுட்டுத் தரேன். பளபளப்பு வந்துடும்."

சுவரை அடுக்கித் தருகிறேன் என்றேன். கோப்பையை மறுபடி சுட வேண்டாம் என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு முன்வரிசையிலிருந்து பளபளப்பான கோப்பை கிடைத்தது. வீடு வந்து சேர்வதற்குள், மாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.